இன்னாங்கன்னு ஒரு பேர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் என் வூடு தெரியும். மூணு மாடி. முகப்பு முழுக்கப் பச்சைக் கண்ணாடி. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஏரோப்ளேன் மாதிரி சிமெண்டில் செய்து, இறக்கைக்கு வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். "ஏரோப்ளேன் வூடு எறங்கு" என்று கண்டக்டர் விசிலடிக்கிறார். அந்த ஸ்டாப்பிங் பேரை நான் வைக்கவில்லை, ஜனமாக வைத்தது. பக்கத்தில் இருக்கிற கல்யாண மண்டபமும் என்னுதுதான். வைகாசியில் கல்யாணம் வைக்கிறவர்கள் தையிலேயே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

இத்தனைக்கும் நான் மூணாங்கிளாஸ். நாலாங்கிளாஸ் வாத்தியார் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. என் கதையை அழகாக எழுதித் தருகிறேன் என்று காலேஜில் படித்த ஒருத்தர் வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். தப்பாக எழுதினாலும் என் தப்பாக இருக்கட்டும்.

ஒண்ணு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் யார் பேரும் வராது. முக்கியமாக என் பேர் வராது. அதுக்குக் காரணம் உண்டு, போகப் போகத் தெரியும்.

எங்கள் பக்கம் பொம்பளைகள் புருசன் பேரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்பார்கள், அவள் எடுத்துச் சொல்லுவாள். என் சம்சாரம் அதுக்கும் ஒரு படி மேலே. என் பேருடைய சத்தம் ஒரு காய்க்கும் கொஞ்சம் வரும். அதனால் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காயை அவள் பேர் சொல்லி வாங்கினதில்லை. "நீட்டுக்காய் குடுங்க" என்பாள். சந்தையில் புதுக் கடைக்காரனாக இருந்தால் புடலங்காயை எடுத்து நீட்டுவான். "அது இல்லீங்க, கொயம்புல போட்டா சப்பித் துப்புவாங்களே, அது" என்பாள். இதை வைத்து என் பேரைக் கண்டுபிடித்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பேர் சொல்லாமல் எப்படிக் கூப்பிடுவாள் என்றால், "இன்னாங்க". மற்ற ஊரில் "என்னங்க" என்கிறதைத்தான் எங்கள் ஊர் வாய் அப்படிச் சொல்லும். வூட்டுக்குள் "இன்னாங்க". வயலில் "இன்னாங்கோ…வ்". அப்போது நாங்கள் குத்தகை நிலத்தில் கரும்பு வைத்திருந்தோம். கரும்பு ஆள் உசரம் தாண்டி நிற்கும். உள்ளே புகுந்து நான் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தால் என் தலை வெளியே தெரியாது. அவள் சோத்துக் குண்டானோடு வரப்பில் நின்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரல் கரும்புக்குள் புகுந்து, மோட்டார் சத்தத்தைத் தாண்டி, என் காதுக்கு வந்து நிற்கும். நான் "ஓவ்" என்பேன். எங்கிருந்து ஓவ் வந்ததோ அங்கே வந்து குண்டானை வைப்பாள். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு, அதுவே போதுமாக இருந்தது.

வெளிநாட்டு வேலை எனக்கு வந்தது மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில்லின் வாசலில். கரும்பு வண்டியை வரிசையில் விட்டுவிட்டுக் காத்துக் கிடந்தபோது, மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்த பிட்டர் ஒருத்தர் பேச்சுக் கொடுத்தார். அங்கே ஒரு தோட்டத்து முதலாளிக்குப் புருசன் பொண்டாட்டியாக ஆள் வேணுமாம். புருசன் தோட்டத்துக்கு, பொண்டாட்டி வூட்டு வேலைக்கு. தோட்டத்துக்குள்ளேயே தங்க வூடு. அந்த ஊருக்குத் தனியாகப் போன ஆம்பளைகள் எங்கள் பக்கம் உண்டு. ஜோடியாகப் போனவர்கள் அப்போது ஒருத்தரும் கிடையாது. அதைக் கேட்டதுமே முடிவு பண்ணிவிட்டேன், முதல் ஜோடி நாங்கள்தான் என்று.

"ஆனா ஒண்ணு," என்றார் பிட்டர். "இதுக்கு முன்னாடி ஒரு ஜோடி போச்சு. நெசத்துல ஜோடியே இல்ல. ஆளுக்கு ஒரு பக்கம் ஓடிட்டாங்க. அதுலேருந்து அங்க எறங்கினதும் தோண்டித் தோண்டிக் கேக்கறாங்களாம். ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டின்னு அவங்களுக்கு நம்பிக்கை வந்தாதான் வேலை. இல்லன்னா வந்த ஏரோப்ளேன்லயே திருப்பி ஏத்திடுவாங்க."

நான் சிரித்தேன். எங்களைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

காகிதமெல்லாம் கைக்கு வந்து, பம்பாயிலிருந்து ஏரோப்ளேன் ஏற நாள் குறித்த வாரம் பார்த்து, இங்கே இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்துக்குப் போய்விட்டது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் பங்கைத் தனியாகக் கொடு என்று ஊர் ஊராக ஜனம் ரோட்டுக்கு வந்துவிட்டது. புளிய மரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கமும் ஒரு பஸ் நகரவில்லை. சைக்கிளில் வந்தால்கூட இறங்கித் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

எங்கள் ஊர் மறியலுக்கு முன்னால் நின்றவன் என் மச்சான், என் சம்சாரத்தின் தம்பி. பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு ஓய்ந்தவன். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் பெட்டியோடும் அவள் மூட்டையோடும் ரோட்டுக்கு வந்ததைப் பார்த்துவிட்டு, சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"இன்னா மாமா, ஊரே ரோட்ல உக்காந்துகினு இருக்குது, நீங்க பொட்டி தூக்கிக்கினு எங்க கெளம்பிட்டீங்க?"

"மஸ்கட்டுக்குடா."

"நாங்க வேலை கேட்டு மரத்த சாச்சி உக்காந்துகினு இருக்கறோம். நீங்க மரத்தத் தாண்டிப் போறீங்க."

"நீ கேக்கற வேலைக்குப் பத்தாவது வேணும்டா. எங்கிட்ட இருக்கறது மூணாவது. அதுக்கு எந்த சர்க்காரும் ஒதுக்காது. நானே போய் ஒதுக்கிக்கினு வரேன்."

மரத்தின் மேல் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மச்சானுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். அக்காளைப் பார்த்தான்.

"நீயும் போறியாக்கா?"

"ரெண்டு பேரும் போனாதான் சேத்துக்குவாங்களாம்," என்றாள் அவள். "தனியா வுட்டா இவரு சோறுகூட ஆக்கத் தெரியாம பட்டினி கெடப்பாரு."

மச்சான் இறங்கி வந்தான். பெட்டியைத் தன் தலைக்கு மாற்றினான். "கெழக்கால போவ முடியாது மாமா, சென்னை வரைக்கும் இதே கதைதான். மலையேறி அந்தாண்ட எறங்குங்க. கருமந்துறையிலேருந்து சேலம் போவ எதுனா கெடைக்கும். சேலத்துல ரயில் ஓடுதாம், நேத்து வந்தவன் சொன்னான்." ஒரு டிராக்டரைப் பிடித்து, வயலுக்கு உள்ளேயே ஓட்டி, கோமுகி அணைக்குப் பக்கத்தில் மலை அடிவாரத்தில் எங்களை இறக்கிவிட்டான். "நான் மறியல் பண்றவன், வண்டி வுட்டேன்னு வெளிய சொல்லாதீங்க" என்றான். இத்தனை வருசமாகச் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

கல்வராயன் மலையை அதுக்கு முன்னால் நான் கீழே இருந்து பார்த்ததுதான் ஜாஸ்தி. ரோடு வளைந்து வளைந்து ஏறுகிறது. பஸ் இல்லை, ஜீப் இல்லை. நான் பெட்டியோடு முன்னால், அவள் மூட்டையோடு பின்னால். வெள்ளிமலை கிட்டே போகும்போது மேகம் இறங்கி ரோட்டிலேயே படுத்துக்கொண்டது. ஜீப் ஏதாவது நிற்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளை ஒரு சாமைக் கொல்லை ஓரம் உட்கார வைத்துவிட்டுப் போனேன். ஒரு ஜீப் கிடைத்தது, பலாப்பழம் ஏற்றிக்கொண்டு கருமந்துறைப் பக்கம் போகிறது. திரும்பி வருகிறேன், அவளைக் காணவில்லை. அவள் இருக்கிற இடம் தெரியவில்லை என்பதுதான் சரி. நாலு பக்கமும் வெள்ளைத் துணி போர்த்தின மாதிரி இருந்தது.

அப்போது வந்தது அந்தக் குரல். "இன்னாங்கோ…வ்."

நான் "ஓவ்" என்றேன். குரல் வந்த பக்கம் நடந்தேன். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி அவள் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மலைமேல் இருக்கிற அந்த ஜனத்தை மலையாளிகள் என்றுதான் எங்கள் பக்கம் சொல்லுவோம். கேரளாக்காரர்கள் வேறு, இவர்கள் வேறு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டா சுருக்க வந்திருப்பாரே," என்றாள் அந்தப் பெண்.

"பேரச் சொன்னா எனக்குச் சோறு எறங்காது," என்றாள் என் சம்சாரம்.

"சொல்லாமயே இன்னிக்கி எறங்கல போல. மூஞ்சி வாடிக் கெடக்குது." அந்தப் பெண் தன் தூக்குச் சட்டியிலிருந்து சாமைக் கஞ்சியை எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். அது மாதிரிக் கஞ்சியை இன்றைக்கும் என் வூட்டு மிக்சியும் கிரைண்டரும் சேர்ந்து எனக்குச் செய்து தரவில்லை.

பலாப்பழத்துக்கு நடுவில் உட்கார்ந்து மலையைத் தாண்டினோம். சேலத்தில் ரயில் கிடைத்தது. பம்பாயில் ஏரோப்ளேன் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றோம். ஏரோப்ளேன் மேலே ஏறினபோது அக்கம்பக்கத்தில் பேண்ட்டு போட்டவர்களெல்லாம் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் பிடிக்கவில்லை. பலா ஜீப்பில் மலை இறங்கின எங்களுக்கு அது கட்டில் மாதிரி இருந்தது.

மஸ்கட்டில் இறங்கினால், பிட்டர் சொன்னது அப்படியே நடந்தது. எங்கள் காகிதத்தைப் பார்த்த அதிகாரி என்னை ஒரு பக்கம் போகச் சொன்னார், அவளை ஒரு பக்கம். நடுவில் பெரிய ஹால், ஒரு ஊர்த் திருவிழாக் கூட்டம். என் பக்கத்தில் ஆம்பளைகள் சுவரோரம் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நானும் குந்தினேன். அவளை ஒரு தடுப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கொஞ்சம் கூட்டிச் சொல்வது நான்தான்.

அதிகாரிக்கு அரபு மட்டும்தான் தெரியும். தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும் என்று தேடி, பெட்டி தள்ளுகிற ஒருத்தரைக் கூட்டி வந்தார்கள். அவர் நெஞ்சில் கை வைத்து, "ஞான் மலையாளி, தமிழ் கொறச்சு அறியும்" என்றாராம். இவளுக்கு உயிர் வந்துவிட்டது. நம்ம மலை ஆள் இங்கேயும் வந்திருக்கிறாரே என்று நினைத்துவிட்டாள்.

"எந்தூருங்க, வெள்ளிமலைங்களா, சேராப்பட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "போன வாரந்தான் உங்க மலையில கஞ்சி குடிச்சிட்டு வந்தோம்."

அந்த மனிதர் திருதிருவென்று முழித்திருக்கிறார். அதிகாரி மேஜையைத் தட்டியதும் வேலைக்கு வந்தார். "பர்த்தாவின் பேரு?"

அவளுக்குப் பர்த்தா என்றால் புரியவில்லை. எங்கள் ஊரில் மரியாதையாக எப்படித் திருப்பிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டாள்.

"இன்னாங்க?"

அவர் அதிகாரியிடம் திரும்பி, "இன்னாங்கா" என்றார். அதிகாரி என் காகிதத்தைப் பார்த்தார். அதில் என் பேர் வேறு. மறுபடியும் கேட்கச் சொன்னார்.

"பர்த்தா, பர்த்தா. புருஷன். பேரு இன்னாங்காவா?"

இப்போது அவளுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. புருசனை என்னவென்று கூப்பிடுவாய் என்று கேட்கிறார் என்று புரிந்துகொண்டாள். தலையை ஆட்டினாள். "ஆமாங்க. அப்டித்தான் கூப்புடுவேன்."

அதிகாரி முகம் மாறிவிட்டது. புருசன் பேரே தெரியாத பொண்டாட்டி. இவருக்கு இன்னொரு ஓடுகிற ஜோடி கிடைத்துவிட்டது. காகிதத்தைக் கட்டி ஓரமாக வைத்தார். மலையாளத்துக்காரர் நல்ல மனுசன், குனிந்து அவளிடம், "அம்மா, பேரு சரியாயிட்டு பறயணும். இல்லெங்கில் திரிச்சு அயக்கும்" என்றார். கையால் ஏரோப்ளேன் திரும்பிப் போவது மாதிரி காட்டினார்.

அது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு பேர். வாயைத் திறந்து ஒரு பேரைச் சொன்னால் முடிந்தது. குத்தகை நிலம், மலை, ரயில் எல்லாம் அந்த ஒரு பேருக்கு முன்னால் வந்து நிற்கிறது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்ததாகச் சொல்கிறாள். வாய் திறந்தது, பேர் வரவில்லை. பேர் வராத வாயில் வேறு என்ன வருமோ அது வந்தது. எழுந்து நின்று, தடுப்புக்கு வெளியே தலையை நீட்டி, கரும்புக் கொல்லை வரப்பில் நின்று கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

"இன்னாங்கோ…வ்."

அத்தனை பெரிய ஹால் அடங்கிப்போனது. பெட்டி தள்ளினவர்கள் நின்றுவிட்டார்கள். ஹாலின் மறு கோடியில், ஆம்பளைகள் கூட்டத்துக்கு நடுவில் குந்தியிருந்த நான் யோசிக்கவே இல்லை. என் கால் தானாக எழுந்தது, என் வாய் தானாகச் சொன்னது.

"ஓவ்."

சொல்லிவிட்டு நடந்தேன். ஒரு போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார், குனிந்து அவர் கைக்குக் கீழே போய்விட்டேன். வரப்பில் குண்டான் வைத்துக்கொண்டு நிற்கிறவளிடம் போகிற மாதிரி நேராக அவளிடம் போய் நின்றேன். "இன்னா?" என்றேன். "இவங்க உங்க பேர் கேக்கறாங்க, நீங்களே சொல்லிடுங்க" என்றாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எங்க பூட்டீங்க, காணோமேன்னு பயந்துட்டேன்" என்றாள்.

மலையாளத்துக்காரர் முதலில் சிரித்தார். அவர் அரபியில் ஏதோ சொல்ல, அதிகாரி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லு என்றார். பக்கத்து மேஜைக்காரரையும் கேட்க வைப்பதற்குத்தான். அவள் வெட்கப்பட்டு மாட்டேன் என்றுவிட்டாள். அதுக்கும் சிரித்தார்கள். கட்டி வைத்த காகிதத்தைப் பிரித்து முத்திரை குத்தினார்கள். குத்தின சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எங்களைக் கூட்டிப் போக வந்திருந்த தோட்டத்து முதலாளியிடம் அதிகாரி கதையைச் சொல்லிவிட்டு, என் தோளில் தட்டி, "இன்னாங்கா" என்றார்.

அன்றையிலிருந்து அந்த நாட்டில் என் பேர் அதுதான்.

தோட்டம் மலைக்கு உள்ளே இருந்தது. முதலாளியை அங்கே அர்பாப் என்பார்கள். பேரீச்சை, எலுமிச்சை, மாட்டுத் தீவனப் புல், ஓரமாக நோஞ்சானாகக் கொஞ்சம் கரும்பு. அவர்கள் அல்வா கிண்டுவதற்கு வெல்லம் வேணும், அதுக்குத்தான் அந்தக் கரும்பு. கரும்பைப் பார்த்ததும் நான் சிரித்தேன். அர்பாப் என்னைக் கேட்டிருந்தது பேரீச்சைக்கு. நான் போய் நின்றது கரும்புக்குள். ஒரே வருசத்தில் அது கொல்லையாக எழுந்தது. நான் வெட்ட, அவள் கட்ட, ரெண்டு பேரும் சேர்ந்து பாகு காய்ச்சி, எங்கள் ஊர் அச்சில் வெல்லம் பிடித்தோம். அர்பாப் வூட்டு அல்வாவைத் தின்றுவிட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் வெல்லம் யார் பிடித்தது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். "இன்னாங்கா" என்று அர்பாப் மார்பைத் தட்டிச் சொல்வார், ஏதோ தானே காய்ச்சின மாதிரி.

பாஷையும் எனக்குக் கஷ்டமாக இல்லை. தண்ணீர் முறை பார்க்கிறவர்கள் உருது பேசுவார்கள். "ஜாஸ்தி" என்றேன், தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். "கம்மி" என்றேன், அடைத்தார்கள். கள்ளக்குறிச்சியிலேயே பாதி உருது என் வாயில் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது.

எல்லாரும் என்னை இன்னாங்கா என்றார்கள். அர்பாப்பின் பிள்ளைகள், கடைக்காரர், டேங்கர் ஓட்டுகிறவர் எல்லாரும். எனக்குப் பெருமைதான். ஆனால் கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். என் சம்சாரம் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். சோறு ஆனால் தட்டில் கரண்டியால் தட்டுவாள். தூரத்தில் இருந்தால் கையைத் தட்டுவாள். என்ன கோபம் என்று கேட்டேன்.

"கோவம் ஒண்ணும் இல்ல," என்றாள். "ஊரே கூப்புடுதே, அப்ப அது உங்க பேரு ஆயிடிச்சில்ல. பேர நான் எப்டி சொல்றது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு இன்னா, ஓவ்னுட்டுப் பூடுவீங்க. எனக்குக் கூப்புட ஒண்ணுமே இல்லாமப் பூடுச்சி. எல்லாருக்கும் நீங்க இன்னாங்கா. நான் மட்டும் தட்டத் தட்டிக்கினு இருக்கறேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நாலு பேருக்கு முன்னால் எங்களைப் புருசன் பொண்டாட்டி என்று காட்டிக் கொடுத்த குரல், அந்த நாலு பேர் வாயில் விழுந்து அவளுக்கு இல்லாமல் போய்விட்டது. அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. புரிந்த நாள் வேறு.

அந்த ஊரில் ஆறு என்பது வெறும் கல். வருசம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். ஒரு நாள் பகலில், பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்தக் கல்லுக்கு நடுவில் நான் நடந்துகொண்டிருந்தேன். மேலே எங்கேயோ மலையில் மழை பெய்திருக்கிறது. கல்வராயன் மலையில் பெய்தால் கோமுகி ஆற்றில் வெயிலிலேயே தண்ணீர் வரும், பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான். ஆனால் அந்தக் கல்லைப் பார்த்து ஆறு என்று யாருக்குத் தோன்றும்? கரையில் ஆட்கள் "இன்னாங்கா, இன்னாங்கா" என்று கூப்பிட்டார்கள். அது தினமும் கூப்பிடுகிறதுதானே என்று கையை ஆட்டிவிட்டு நடந்தேன். எல்லாரும் எப்போதும் கூப்பிடுகிற பேரில் அவசரம் தெரியாது.

அப்போது என் பேர் கேட்டது. என் அப்பா அம்மா வைத்த பேர். அவள் குரலில், வரப்புக் குரலில், அந்த நாட்டு மலை திருப்பிச் சொல்லுகிற மாதிரி.

கால் அப்படியே நின்றுவிட்டது. திரும்பினேன். கரையில் அவள் ரெண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்க்கிற பக்கம் பார்த்தேன். கல்லெல்லாம் உருள்கிற சத்தத்தோடு பழுப்பாக ஒரு சுவர் வளைவு திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆட்டை விரட்டிக்கொண்டு ஓடினேன். கரையேறி நான் திரும்பிப் பார்த்தபோது, நான் நின்ற இடத்தில் தண்ணீர் ஒரு பேரீச்சை மரத்தை வேரோடு புரட்டிக்கொண்டு போனது. ஆடு ஒன்றுகூடப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "பேரச் சொல்லிட்டியே," என்றேன். "இன்னிக்கி சோறு எறங்குமா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இங்க அது யாருக்கும் உங்க பேருன்னு தெரியாதே," என்றாள். "இங்க உங்க பேரு இன்னாங்கா. அப்ப அதச் சொல்றதுல ஒண்ணும் இல்ல."

அன்றைக்கு நன்றாகவே சாப்பிட்டாள்.

அதுக்குப் பிறகு அந்த நாட்டில் இருந்த வருசமெல்லாம் அவள் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். தோட்டத்தில், கடைத்தெருவில், அர்பாப் வூட்டு விருந்தில், வாய் நிறைய. அங்கே இருந்தவர்கள், புருசனைத் தமிழ்நாட்டில் இப்படித்தான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள், மண்டபம் கட்டினவர்கள் இருக்கிறார்கள். பொண்டாட்டி வாயால் தன் பேரைத் தினம் தினம் கேட்டவன், எனக்குத் தெரிந்து என் வயசில் நான் ஒருத்தன்தான்.

ஊர் திரும்பினபோது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு மாலை போட்டார்கள். மச்சான் முன்னால் நின்றான். ரோட்டில் உட்கார்ந்து கேட்டது கிடைத்து, அதே ஒதுக்கீட்டில் அவன் சர்க்கார் வேலைக்குப் போயிருந்தான். இன் பண்ணின சட்டை, பையில் பேனா. "மாமா, நான் கேட்டது வந்திடிச்சி" என்றான். "நான் போய் எடுத்துக்கினு வந்திருக்கறேன்" என்றேன். ரெண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். நான் திரும்பி அவளைப் பார்த்தேன், பேர் சொல்லுவாள் என்று.

"இன்னாங்க," என்றாள், "பொட்டியெல்லாம் எண்ணி எடுங்க."

அத்தோடு சரி. ஏரோப்ளேன் வூடு எழும்பியது, மண்டபம் எழும்பியது, பிள்ளைகள் எழும்பினார்கள். நீட்டுக்காய் மறுபடியும் நீட்டுக்காய் ஆனது. எத்தனையோ தடவை ஆசையாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு தடவை சொல்லேன் என்று. "அதுக்கு ஏரோப்ளேன் ஏறணும்" என்று சொல்லிவிடுவாள். மொட்டை மாடியில் தொட்டியை அந்த மாதிரி எதுக்குக் கட்டினேன் என்று இப்போது புரிந்திருக்கும். அதுக்குக் கீழே நிற்க வைத்துக்கூடக் கேட்டேன். "இது பறக்காதே" என்றாள்.

போன வாரம் போன் வந்தது. அர்பாப்பின் மகன், நாங்கள் இருந்தபோது முட்டி போட்டுத் தவழ்ந்த பிள்ளை. அவனுக்கு இப்போது கல்யாணம். "இன்னாங்கா, நீங்க ரெண்டு பேரும் வரணும், வெல்லம் நீங்கதான் காய்ச்சணும்" என்றான். போனை வைத்துவிட்டு அவளிடம் சொன்னேன். அவள் முறத்தில் இருந்து முகத்தை எடுக்காமல், "ரெண்டு பேருமா போனாதான் நல்லா இருக்கும்" என்றாள்.

டிக்கெட் போட்டாச்சு. ஜோடியாக, ஜன்னலோரம்.

என் பேரை இங்கே ஏன் எழுதவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். அதைச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாள். சமையல்கட்டில் இருந்து கூப்பிடுகிறாள். நான் "ஓவ்" சொல்லிவிட்டேன், போக வேண்டும்.